மாவு டப்பாவில் வெள்ளை பல்பு

இல்லாத இரண்டு விரல்களும் விடிவதற்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிடும். இடது கையில் மோதிர விரல், சுண்டு விரல். ஒன்பது மாதத்துக்கு முன்பு தீவனம் கலக்கும் மெஷினோடு போனவை. விரல் போனாலும் வலி மட்டும் வேலைக்கு வருகிற ஆள் மாதிரி நேரம் தவறாமல் வந்துவிடும். சுண்டு விரல் நகத்துக்கு அடியில் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். அந்த நகம் சோளத்தூளோடு சேர்ந்து எந்தக் குப்பைக் குழியில் மக்கியதோ தெரியாது.

"என்ன முனகல்?" என்பார் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"விரல் வலிக்குது."

"எந்த விரல்?"

"போன விரல்."

"போனதை விடு. இருக்கிற விரலால டீயைப் போடு."

அவருக்கு அதற்கு மேல் ஆறுதல் சொல்ல வராது. நான் வேலை செய்யும் அதே கோழிப் பண்ணையில் மூட்டை தூக்குகிறவர். அதனால்தான் நானும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

பண்ணையில் எனக்கு மூணுவிரல் என்று பெயர். லாரி டிரைவர் வைத்தது. அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "மூணுவிரலக்கா, எனக்கு அஞ்சு முட்டை எண்ணிக் குடு, பார்ப்போம்" என்பான். நானும் சிரிப்பேன். சிரித்தது அவனைப் பார்த்து. கறுவிக்கொண்டிருந்தது இன்னொருவனைப் பார்த்து.

அந்த இன்னொருவனை எல்லோரும் மாப்பிள்ளை சார் என்பார்கள். முதலாளி செத்துப்போனதும் பண்ணை அவர் மகளுக்கு வந்தது. மகள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, பண்ணையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவள் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அந்த ஆளுக்கு எதிலும் அவசரம். செருப்பைக்கூட நின்று மாட்டத் தெரியாது, நடந்துகொண்டே மாட்டுவார்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் கையை விடுகிறவர் முதலில் சுவரிலிருக்கும் சுவிட்ச் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவரே கொண்டுபோய் மாட்டுகிற வரை மெஷின் ஓடாது. கட்டை யார் இடுப்பில் இருக்கிறதோ, மெஷின் அவர் கைக்குள். எழுதி வைத்த சட்டம் இல்லை. உயிர் பிழைக்க நாங்களாகக் கண்டுபிடித்தது.

அன்றைக்கு ஈரத் தீவனம், அடியில் சுழன்று தீவனத்தைத் தள்ளும் திருகில் அடைத்துக்கொண்டது. நான் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். மெஷினுக்குப் பின்னால் குத்தவைத்து, கையை உள்ளே விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெளியே லாரி காத்திருந்தது. மாப்பிள்ளை சார் உள்ளே வந்தார், மெஷின் நின்றிருப்பதைப் பார்த்தார், பலகையின் மேல் உபரியாகக் கிடந்த இன்னொரு கட்டையை எடுத்து மாட்டினார், சுவிட்சைப் போட்டார். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க நாலு எட்டு நடக்க வேண்டும். அந்த நாலு எட்டுக்கு அவருக்கு நேரம் இல்லை.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தபோது பலகையில் பியூஸ் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"கட்டையைக் கழட்டாமலே கையை விட்டிருக்கா. சுவிட்சையும் அவளே அணைக்க மறந்திருக்கா" என்றார் மாப்பிள்ளை சார். நான் அப்போது பேசுகிற நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வளையலையும் தோட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். கூடவே அந்தக் கட்டை. "இது என்னம்மா, இடுப்புல இருந்துச்சு" என்று கேட்டாள். பார்க்க வந்த முதலாளி மகளிடம் அதைக் காட்டினேன். சின்ன வயதிலிருந்தே பார்க்கிற பெண். நான் அவளைப் பாப்பா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

"இது அந்தக் கட்டைதான்னு எப்படிக்கா தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றாள் பாப்பா. பிறகு, கொண்டுவந்த ரொட்டிப் பாக்கெட்டை என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "ஒரு நிமிஷம் கட்டையைக் கழட்டியிருக்கக் கூடாதாக்கா?"

திருகு விரலை இழுத்தபோதுகூட நான் அப்படிச் செத்துப்போகவில்லை.

கை ஆறியதும் இரக்கப்பட்டுத் திரும்ப வேலை கொடுத்தார்கள். குஞ்சுக் கொட்டகையில், ஆறு விரல் போதும் என்கிற வேலை. உண்மையில் என்னிடம் எட்டு இருந்தது. அதையும் அவர்கள் சரியாக எண்ணவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒற்றைக் குஞ்சு வந்தது.

புதிதாக இறக்கிய குஞ்சுகளில் ஒரு தொகுதி, சூடு போதாமல் இரண்டே நாளில் செத்துப்போனது. வாரிக் கொட்டப் போகும்போது ஒன்று மட்டும் கண்ணைத் திறந்தது. பாப்பா அதைத் தன் முந்தானையில் சுருட்டி வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். அவளுக்கு வீட்டில் பேச்சுத் துணை கிடையாது. புருஷன் இருந்தால் போனில் இருப்பார், இல்லாவிட்டால் பண்ணையில் இருப்பார். மூன்று வாரம் சமையலறையில் அட்டைப் பெட்டியில் வளர்த்தாள். குஞ்சு பிழைத்தது, இறக்கை முளைத்தது. ஆனால் அவள் நாலடி நகர்ந்தால் போதும், கத்தித் தீர்த்தது.

ஒரு காலையில் அதைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"அக்கா, நான் பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியே நின்னு அழுவுது. இதுக்கு ஜோடி சேர்க்கணும். இன்னைக்குக் குஞ்சு இறங்குதில்ல, அதுல ஒரு ஆறு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கலாம். ஆனா நேராக் கொண்டுபோய் விட்டா இது கொன்னுடும்."

"இதா?" அவள் நம்பவில்லை. குஞ்சு அவள் காதில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

"தனியா வளர்ந்தது பாப்பா. உலகத்துல தான் ஒருத்தன்தான் கோழின்னு நினைச்சிருக்கும். இது மூணு வாரம், அதுங்க ஒரு நாள். அதுங்க கால் விரல் பளபளன்னு இருக்கும், இது புழுன்னு கொத்தும். ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சா போதும். அப்புறம் நிறுத்தவே நிறுத்தாது."

"அப்ப என்ன பண்றது?"

அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் ஒரே வீச்சில் தெரிந்துவிட்டது. முழுப் பாதையும், அதன் கடைசியில் நிற்கப்போகும் ஆளும்.

"நான் சேர்த்து விடறேன்" என்றேன். "உங்க வீட்டு ஸ்டோர் ரூமைக் கொடுங்க. ஜன்னல் இல்லாத ரூம், சூடு நிக்கும்."

சூடு நிற்கும் என்பது உண்மைதான். சமையலறை மூலையும் போதும் என்பதும் உண்மை. ஆனால் ஸ்டோர் ரூமில்தான் மாப்பிள்ளை சார் லோடு சீட்டுகளைப் போட்டு வைக்கும் இரும்புப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் லாரி புறப்படும் முன், பொழுது சாயும் நேரத்தில், அவர் அதைக் குடைய வருவார். சுவர்க் கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது. அன்றைக்குத் திங்கள்கிழமை.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். அதில் ஒரு குற்றம் யாரும் சொல்ல முடியாது. பெரிய அட்டைப் பெட்டியின் நடுவே கம்பி வலை வைத்து இரண்டாகத் தடுத்தேன். ஒரு பக்கம் ஒற்றை, மறு பக்கம் ஆறு. பார்க்கலாம், தொட முடியாது. தீவனத் தட்டை வலையை ஒட்டி இரண்டு பக்கமும் வைத்தேன், எதிரெதிரே நின்று தின்று பழகட்டும் என்று. ஒற்றைக் குஞ்சு முதல் நாள் வலையை ஓயாமல் கொத்தியது.

கடைசியில் ஸ்டூலில் ஏறி, மேலே எரிந்த வெள்ளை பல்பைக் கழற்றிச் சிவப்பு பல்பை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சார் போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது, நாடகம் போடப் போறீங்களா? செவப்பு லைட்டு எல்லாம் பலமா இருக்கு."

"செவப்பு வெளிச்சத்துல ரத்தம் தெரியாதுங்க" என்றேன். "ஒண்ணுக்குக் காயம் பட்டாலும் மத்ததுக்குக் கண்ணுல படாது, கொத்தாது. பத்து நாளைக்கு இந்த ரூம்ல வெள்ளை வெளிச்சமே கூடாது. ஒரு நிமிஷம்கூட."

"சரி சரி" என்று போனிடமா என்னிடமா என்று தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிய வெள்ளை பல்பைப் பாப்பாவின் கையில் கொடுத்தேன். "இதை நீங்களே வெச்சுக்கங்க. யாரும் எடுக்காத இடமாப் பார்த்து வைங்க. வேலை முடிஞ்சதும் நீங்களே எடுத்து நீங்களே மாட்டுங்க."

அவள் சிரித்துக்கொண்டே அதைத் துணியில் சுற்றி, சமையலறையில் மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். "இங்க உங்க மாப்பிள்ளை சார் கை வைக்கவே மாட்டார். டீத்தூள் எங்க இருக்குன்னே தெரியாத மனுஷன்" என்றாள்.

செவ்வாய், புதன் போனது. வியாழக்கிழமை ஒற்றைக் குஞ்சு வலையை ஒட்டிப் படுத்துத் தூங்கியது. மறு பக்கம் ஆறும் அதே இடத்தில் வலையை ஒட்டிக் குவிந்து கிடந்தன. கம்பிக்கு நடுவே இறகோடு இறகு உரசியது. பாப்பா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீவனத் தட்டை நிரப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வலையை எடுத்தேன். ஒற்றை ஒரு முறை நெஞ்சை நிமிர்த்தியது. ஒன்றைத் தட்டிவிட்டது. பிறகு என்ன நினைத்ததோ, கால்களை மடக்கி உட்கார்ந்தது. ஆறும் அதன் அடியில் முண்டியடித்து நுழைந்தன. இறக்கை போதாமல் அது தடுமாறியதைப் பார்த்துப் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்றின் கால்விரலில் வலைக் கம்பி கீறிச் சின்னதாக ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. பெட்டிக்கு வெளியே தூக்கி, கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் பூசியிருக்கலாம். பூசவில்லை. திரும்ப உள்ளே விட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் அது இருந்த இடமே தெரியவில்லை.

"பத்து நாள், பாப்பா. மறக்காதீங்க."

"மறக்க மாட்டேன்க்கா. அவர்கிட்டயும் காலையில இன்னொரு தடவை சொல்லிட்டேன்."

சாயங்காலம் லாரி வந்து ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாப்பா பின்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் குழாயடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் பக்கவாட்டுக் கதவும், அதன் வழியே ஸ்டோர் ரூம் கதவின் அடியும் தெரியும். அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு.

மாப்பிள்ளை சார் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். கொஞ்ச நேரம் இரும்புப் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. சிவப்பில் சீட்டு எழுத்து படிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி முன்னறைக்கு வந்திருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். அவர் வெளியே வந்தார், பாத்ரூமுக்குள் போனார், கையில் எதையோ எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார்.

கதவடியில் கோடு அணைந்தது. பிறகு வெள்ளையாக எரிந்தது.

குழாயடியிலிருந்து கதவுக்கு நாற்பது எட்டு. எண்ணி வைத்திருந்தேன். ஓடியிருந்தால் ஒன்று கூடச் செத்திருக்காது. நான் குழாயைத் திறந்தேன். இடது கையை நீட்டினேன். கட்டை விரலைக் கழுவினேன், சுட்டு விரலைக் கழுவினேன், நடுவிரலைக் கழுவினேன். உள்ளே குஞ்சுகள் கத்தும் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. அந்த ஆளுக்கும் கேட்டிருக்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு சீட்டு தேடியிருப்பார். மறுபடி கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தேன்.

நான்காவது சுற்றில் கோடு சிவப்பானது.

இருட்டுவதற்குள் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். டிரைவர்தான் வந்தான். "மூணுவிரலக்கா, வீட்டுக்குள்ள ஏதோ சரியில்லை. உன்னைக் கூப்பிடறாங்க" என்றான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

சமையலறை மேடையில் விரித்த செய்தித்தாளில் மூன்று குஞ்சுகள் கிடந்தன. ஒன்றுக்குக் கண் இல்லை. பாப்பாவின் உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"தூங்குதுன்னு நினைச்சேன்க்கா" என்றாள் என்னைப் பார்த்ததும். "அந்த வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியல. அசையலையேன்னு தூக்கிட்டு இங்க வந்து பார்த்தா..."

மாப்பிள்ளை சார் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "நான்தான் சொன்னேனே. இவ வெள்ளை பல்பை மாட்டிட்டுப் போயிருக்கா. நான் சீட்டு எடுக்க வந்தப்ப பார்த்தேன். வெள்ளையா எரிஞ்சுது. நான்தான் கழட்டிச் செவப்பை மாட்டினேன். இவளுக்குக் கவனமே கிடையாது, அன்னைக்கும் இதே கதைதான்."

இதே கதைதான் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

பாப்பா எட்டி மாவு டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறந்து, முழங்கை வரை மாவு அப்பக் கையை உள்ளே விட்டாள். துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். வெள்ளை பல்பு உள்ளே பத்திரமாக இருந்தது.

"அக்கா எந்த பல்பை மாட்டினாங்க?" என்று கேட்டாள்.

"வேற ஏதாவது கொண்டு வந்திருப்பா."

பாப்பா மேடையில் பல்பை வைத்துவிட்டுக் கைகழுவப் பாத்ரூமுக்குப் போனாள். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை தட்டினாள். உள்ளே வெளிச்சம் வரவில்லை. திரும்பி வந்தாள். கையில் மாவும் ரத்தமும் பிசைந்து பசையாக இருந்தது. நேராகப் போய் அந்தக் கையைப் புருஷனின் பேன்ட் பையில் விட்டாள். அவர் விலகுவதற்குள் பாத்ரூம் பல்பு அவள் கையில் இருந்தது.

அதையும் மேடையில் வைத்தாள்.

நான் என் இடுப்பிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்தேன். எட்டு மாதம் அது என் இடுப்பில்தான் இருந்தது, தூங்கும்போதுகூட. இரண்டு பல்புக்கும் பக்கத்தில் வைத்தேன்.

"அன்னைக்குக் கேட்டீங்களே பாப்பா, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குன்னு."

பாப்பாவின் கண் கட்டையிலிருந்து என் கைக்கும், என் கையிலிருந்து புருஷனுக்கும் போனது.

"சுவிட்சைப் போட்டது நீங்கதானா?"

"ஒரு பல்புக்கா இவ்வளவு விசாரணை?"

"நான் பல்பைக் கேக்கல."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. "லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். செருப்பை நடந்துகொண்டே மாட்டினார்.

பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரொட்டி கொண்டு வந்து உங்க வயித்து மேல வெச்சேன்க்கா" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "குஞ்சுங்க கத்தினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"குழாயடியில" என்றேன். அது பொய் இல்லை.

அன்றைக்கே மீதி மூன்றையும் ஒற்றையையும் பிரித்தேன். இந்த முறை நேர்மையாகச் செய்தேன். காயத்துக்கு மஞ்சள் பூசினேன். மூன்றையும் என் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்து, நாலு நாள் கழித்து ஒற்றையை அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோனேன். தன் இடம் என்கிற திமிர் அதற்கு அங்கே இல்லை. புது இடம் என்று ஒடுங்கி நின்றது. மூன்றில் சின்னதுதான் முதலில் போய் அதன் வயிற்றடியில் நுழைந்தது. இப்போது நான்கும் ஒன்றாகத்தான் தூங்குகின்றன. அது கொன்றது அதற்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. நான் நின்ற இடமும் நினைவிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை, சுவிட்ச் பலகை இருக்கும் மெஷின் அறைச் சாவியைப் புருஷனிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள் பாப்பா. ஆட்கள் பார்க்கத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து டிரைவர் மூணுவிரலை விட்டுவிட்டு வெறும் அக்கா என்கிறான். எனக்கு அது பழக ஒரு வாரம் ஆனது.

"வேற என்னக்கா வேணும்? பணமா? சொல்லுங்க" என்றாள்.

"பணம் வேணாம் பாப்பா. எல்லாரும் இருக்கிறப்ப, அந்த மெஷின் பக்கத்துல வந்து நின்னு, கட்டையை மாட்டினதும் நான்தான், சுவிட்சைப் போட்டதும் நான்தான்னு அவர் வாயால சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்ல வைக்கிறேன்" என்றாள்.

ஆறு வெள்ளிக்கிழமை போய்விட்டது. பாப்பா அந்த ஆளோடு பேசுவதில்லை, தட்டை மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாளாம். சீட்டுப் பெட்டியையும் அவளே பார்க்கிறாள். லோடு ஏற்றும் நேரத்தில் அவர் மெஷின் அறை வாசல் வரை வருகிறார். உள்ளே நான் சாவிக் கொத்தோடு நிற்பேன். என் வீட்டுக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்வார், டிரைவர் பீடியைக் கீழே போடுவான், எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

"சுவிட்சைப் போட்டது நான்தான்." அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அது அவர் எனக்கு வைத்திருக்கும் பாக்கி.